மயிலாத்தாளின் அசையும் சொத்து

நாச்சிமுத்து இறந்த முப்பத்தோராம் நாள் காலையில், அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த பத்தொன்பது பழைய வண்டிகளும் எந்திரங்களும் மண்ணில் வேர்விட்டு நின்றன. வெள்ளைக்கரடு கிராமத்தில் அதை முதலில் கண்டுகொண்டவை ஆடுகள்தான். ஜீப்பின் பானெட்டில் துளிர்த்திருந்த இலைகளை அவை முன்னங்கால் தூக்கி வைத்து மேய்ந்துகொண்டிருக்க, விரட்ட வந்த மயிலாத்தாள், டயர்களின் ரப்பர் வெடித்து விரல் பருமனில் பழுப்பு வேர்கள் இறங்கி மண்ணைக் கவ்வியிருப்பதைப் பார்த்தாள், இரும்புச் சக்கரம் கொண்ட ரோடுரோலருக்கு அச்சிலிருந்தே விழுது இறங்கியிருப்பதைப் பார்த்தாள், ஃபார்கோ லாரியின் மட்கார்டில் குழந்தையின் நகமளவு இலைகள் முதலில் தகர நிறத்தில் இருந்து வெயில் பட்டதும் பச்சையாக மாறுவதைப் பார்த்தாள், பிறகு அடுப்பில் பால் பொங்கிவிடும் என்று உள்ளே போனாள். பத்து மணிக்குச் சென்னையிலிருந்து ஏலக்காரர் வருவதாக இருந்தது.

நாச்சிமுத்து உயில் எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். அசையாச் சொத்தெல்லாம் மகன் லோகநாதனுக்கு, அசையும் சொத்தெல்லாம் மகள் மயிலாத்தாளுக்கு. அதாவது வீடும் கிணறும் எட்டு ஏக்கரும் கோயமுத்தூரில் போர்வெல் லாரி விட்டுக்கொண்டிருந்த லோகநாதனுக்கு. பண்டபாத்திரமும் ஒரு பசுவும் கொட்டகையில் நின்ற பத்தொன்பது இரும்பும், முப்பத்திரண்டு வருசம் அப்பனுக்குச் சோறாக்கிப் போட்டு, கடைசி நான்கு வருசம் குளிப்பாட்டியும் விட்டவளுக்கு. எழுதும்போது அவர் பத்திர எழுத்தரிடம், என் உசுரையே அந்தப் புள்ளைக்குக் குடுத்திருக்கறேன் என்று சொன்னதைச் சமையலறையிலிருந்து அவள் கேட்டாள். அந்த உசுரு தனக்கு வேணுமா என்று அவர் வந்து கேட்பாரென்று, அரிசி களைந்த கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். அவர் கேட்கவில்லை.

அவளைப் பெண் பார்க்க மொத்தம் ஏழு பேர் வந்திருந்தார்கள். அம்மா முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டதால் வந்தவர்களை வரவேற்பது நாச்சிமுத்துவின் வேலை, அவர் வரவேற்று நேராகக் கொட்டகைக்குத்தான் கூட்டிப்போவார், ஒவ்வொரு வண்டியாகக் காட்டுவார், ஸ்டார்ட் பண்ணுவார், வந்தவர்கள் திரும்பிப்போன பிறகு நாள் தள்ளுவார், இந்த வருசம் ஒரு பெட்போர்டு லாரி வருது, அடுத்த வருசம் பாத்துக்கலாம் என்பார். இப்படிப் பெருந்துறை மாப்பிள்ளை வந்த வருசம் கரும்பாலை வந்தது, பள்ளிக்கூட வாத்தியார் வந்த வருசம் பெட்போர்டு வந்தது, அம்மாவின் நகைகள் போன வருசம் ரோடுரோலர் வந்தது. முப்பத்தாறு வயதுக்கு மேல் யாரும் வரவில்லை. மற்றவர்கள் வருசத்தைக் கலியாணத்தாலும் பிரசவத்தாலும் கணக்கு வைத்துக்கொள்கிற மாதிரி மயிலாத்தாள் அந்த இரும்புகளால் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய்த் துணியால் அவற்றைத் துடைத்தும் வைத்தாள், ஏனென்றால் துடைக்காவிட்டால் அப்பன் சாப்பிடமாட்டார்.

இப்போது ஐம்பத்து மூன்று வயதில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அத்தனையையும் விற்றுவிட்டு, யார் மகள் என்று யாருக்கும் தெரியாத ஈரோட்டில், வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிற ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட வேண்டும்.

சென்னை ஏலக்காரர் பெயர் வரதன். ராஜாக்களின் கார்களை விற்ற கம்பெனி என்று சொன்னார்கள். வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கேமராவுமாக இறங்கியவர் வேர்களைப் பார்த்ததும் முழங்காலிட்டுத் தொட்டுப் பார்த்து, பிரமாதம் என்றார், இப்படிப்பட்ட நிலையில் ஒரு மோரிஸ் காரை அவர் பார்த்ததேயில்லை என்றார். ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னார். மயிலாத்தாள் சாவியைத் திருகினாள். காருக்குள் காற்றடித்த மாதிரி இலைகள் சலசலத்து அடங்கின. அவர் யோசித்தார். தங்கள் மேடைக்கு வருகிற வண்டி ஓட வேண்டும், ஓடாவிட்டாலும் உருளவாவது வேண்டும் என்று வருத்தத்தோடு விளக்கினார். போவதற்கு முன் அவள் கையில் ஒரு குடத்தைக் கொடுத்து, ஃபார்கோவுக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல நிற்கச் சொல்லிப் படமெடுத்துக்கொண்டார். தந்தையின் நினைவாக மகள் வளர்த்த தோப்பு என்று போட்டால் நன்றாக இருக்கும் என்றார். நான் வளர்க்கலீங்க என்று அவள் சொன்னது கேமராச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது; தங்கள் நிறுவனம் தாவரங்களைக் கையாள்வதில்லை என்றும், நல்ல நர்சரி ஒன்றின் விலாசத்தை இத்துடன் இணைத்திருப்பதாகவும்.

ஊர் அதற்குள் பழகிவிட்டிருந்தது. சித்திரையில் பெய்த மழை அப்படி என்று டீக்கடையில் சொன்னார்கள். கரட்டடி மண்ணில் எதை வைத்தாலும் பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த விசயம்தானே. வேளாண்மை அலுவலகத்திலிருந்து வந்தவர் இலையைக் கசக்கி மோந்துவிட்டு, பூச்சி எதுவும் இல்லை, தொழுவுரம் போதும் என்றார். யூரியா வேண்டுமென்று ஒரு கட்சியும் வேண்டாமென்று ஒரு கட்சியும் பிரிந்து ஒரு வாரம் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். ஆடிக் காற்றில் ஆயில் என்ஜின்கள் பூத்தன. டீசல் வாசம் வீசுகிற மஞ்சள் பூக்கள், அதற்கு எங்கிருந்தோ தேனீக்கள் வந்தன, தேன் கொஞ்சம் புகைவாடை அடித்தாலும் மூட்டுவலிக்கு நல்லது என்று ஆயிற்று. ஃபார்கோ காய்த்தது. காய் முற்றினால் உள்ளே மரை வெட்டின நட்டு இருக்கும், பதினேழாம் நம்பர் ஸ்பானருக்குச் சரியாகப் பிடிக்கும், லாரிப் பட்டறைக்காரர்கள் சைக்கிளில் வந்து பை நிறையப் பறித்துப் போனார்கள். புது லாரி எடுக்கிறவர்கள் பூசைக்கு முன்னால் இங்கே வந்து ரோடுரோலரின் விழுதில் சிவப்புத் துணி கட்டினார்கள். டவுன் பஸ் கண்டக்டர் ‘என்ஜின் தோப்பு’ என்று ஒரு நிறுத்தம் சொல்ல ஆரம்பித்தார், அந்தப் பெயரில் நிறுத்தம் எப்போதும் இருந்ததுபோல எல்லோரும் இறங்கினார்கள்.

பூப்பறிக்கவும் காய்பறிக்கவும் நிழலுக்கு ஒதுங்கவும் வந்தவர்கள் அனுமதி கேட்காமலில்லை. கோயமுத்தூருக்குப் போன் போட்டு லோகநாதனிடம் கேட்டுக்கொண்டார்கள். பத்தடி தள்ளி வாசலில் நின்ற மயிலாத்தாளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். அப்பன் இருந்தவரை பெரிய வீட்டுக் காரியம் என்று யாரும் அந்தப் படியேறியதில்லை. இப்போது தினமும் வந்தார்கள், வந்து வண்டிகளைத்தான் பார்த்தார்கள்.

கிராம நிர்வாக அலுவலர் பரிமளாவுக்குத்தான் சங்கடம். முப்பது வயதுப் பெண், எதையும் எழுதுமுன் இரண்டு தடவை படிக்கிறவள். எந்த நிலத்தில் என்ன நிற்கிறதென்று எழுதுகிற அடங்கல் நோட்டைத் தூக்கிக்கொண்டு நான்கு நாள் கொட்டகையைச் சுற்றி வந்துவிட்டு, கடைசியில் மயிலாத்தாளின் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, மண்ணுல வேரூணி நிக்கற எதுவும் அசையாச் சொத்துதான். சட்டம் அப்படித்தான் சொல்லுது. வெட்டிக் கீழ போட்டா அசையும் சொத்து.”

“அப்ப இது தம்பியோடதா?”

“நான் இன்னும் எழுதலைக்கா. தாலுக்கா ஆபீசுக்குக் கேட்டு எழுதியிருக்கேன். பதில் வர இருபது நாளாவது ஆகும்.” அதைச் சொல்லிவிட்டு அவள் காப்பியைக் குடித்து முடித்தாள். போகும்போது பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லோகநாதன் காரில் வந்தான். அக்காவுக்குத் திருப்பூர் நைட்டி இரண்டும் பேரீச்சம்பழமும் வாங்கி வந்திருந்தான். அவன் கெட்டவனில்லை. கேட்டதைக் கொடுக்கிறவன், ஆனால் என்ன வேண்டும் என்று அவனாகக் கேட்டதில்லை. எட்டு ஏக்கரையும் தோப்போடு சேர்த்து, விருந்தினர் விடுதி கட்டுகிற ஒரு கூட்டம் விலை பேசுகிறதென்றும், அதுவரை மகசூலை ஏலம் விட்டால் நாலு காசு வரும் என்றும் சொன்னான். அதற்குப் பெயர்போன ஏலக்காரர் ஒருவரைக் கூட்டி வந்திருப்பதாகவும் சொன்னான். அக்கா எங்கேயும் போக வேண்டியதில்லை, விடுதிக்காரர்களிடம் பேசி ஒரு ரூம் ஒதுக்கித் தரச் சொல்லியிருக்கிறான், தோப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் அவர்களுக்கும் தேவைதானே.

காரின் பின்சீட்டிலிருந்து இறங்கியவர் சென்னியப்பன். கோயில் புளியமரங்கள், ஏரி மீன், பஞ்சாயத்துத் தென்னை எல்லாவற்றையும் சுற்றுவட்டாரத்தில் அவர்தான் ஏலம் விடுவார். அறுபதை நெருங்குகிற ஆள், தோளில் துண்டு, அடங்கின குரல். மயிலாத்தாள் அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

அவர் ஃபார்கோ வந்த வருசம் அவளைப் பெண் பார்க்க வந்தவர். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று. கிளிப்பச்சைச் சேலை கட்டிக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது அவருடைய டம்ளரில் ஒரு எறும்பு விழுந்தது. அவர் அதை விரல் நுனியால் மெதுவாக எடுத்து வெளியே விட்டுவிட்டுக் காப்பியைக் குடித்தார். அதை வைத்து இவர் நல்லவர் என்று அவள் முடிவு செய்தாள். அன்றைக்கு மத்தியானமே அப்பனிடம் போய், வாழ்நாளில் ஒரே ஒரு தடவையாக, இந்த இடம் எனக்குச் சம்மதமுங்கப்பா என்று வாய்விட்டுச் சொன்னாள். லாரிக்கு இன்னும் பெயிண்டு பாக்கி இருக்குது என்றார் நாச்சிமுத்து.

அவள் கணித்தது சரிதான், அவர் நல்லவர்தான். தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, காயை உடைத்துப் பார்த்து, லோகநாதனை உட்கார வைத்து, வீட்டில் இருக்கிற பெண்ணுக்குப் பாதிப் பங்கு எழுதினால்தான் ஏலத்துக்கு நிற்பேன் என்று சொல்லிவிட்டார். லோகநாதன் முகம் சுருங்கினாலும் தலையாட்டினான். வருசா வருசம் பூவும் காயும் தேனும் ஏலம் போகும், உட்கார்ந்து சாப்பிடலாம். மயிலாத்தாள் யோசித்தாள். வருசத்துக்கு இரண்டு தடவையாவது அவர் வருவார், அவள் காப்பி கொடுப்பாள். ஐம்பத்து மூன்று வயதில் அதுவே ஈரோட்டுக் குழாயைவிடப் பெரிதாக ஒரு கணம் தெரிந்தது. சரியென்று சொல்ல வாயெடுத்தவள், அதற்கு முன் ஒன்று கேட்டாள்.

“நீங்க இதுக்கு முந்தி இந்த வீட்டுக்கு வந்திருக்கறீங்களா?”

அவர் முகம் மலர்ந்தது. “வந்திருக்கறனுங்க அம்மிணி. ஒரு முப்பது வருசம் இருக்கும், அப்பாவும் மாமனும் நானும் வந்தோம். என்ன காரியமா வந்தோம்னு நெனப்பில்லீங்க. ஆனா அந்த ஃபார்கோவ மறக்க முடியுமுங்களா? நீலக் கலரு, நம்பரு எம்.டி.சி. மூவாயிரத்து நானூத்திப் பதினேழு. அய்யா என்னய மேல ஏத்தி உக்கார வெச்சு ஆரன் அடிக்கச் சொன்னாரு. மூணு தடவை அடிச்சனுங்க.”

“அன்னைக்கு இங்க காப்பி குடிச்சீங்களே.”

“குடிச்சிருப்பனுங்க. ஆரோ கொண்டாந்து குடுத்தாங்க. அதெல்லாம் எங்கீங்க நெனப்பிருக்குது.” அவர் சிரித்தார், எந்தக் கள்ளமும் இல்லாத சிரிப்பு.

நாளைக்குச் சொல்கிறேன் என்று மயிலாத்தாள் உள்ளே போனாள். கார் போன பிறகு டம்ளர்களை எடுத்துக் கழுவினாள், கழுவினதையே மறுபடியும் கழுவினாள். பிறகு பழைய செய்தித்தாள்களைப் பிரித்துப் போட்டு, மூடிப்போன மில்களின் ஏல அறிவிப்பு ஒன்றின் அடியில் இருந்த போன் நம்பரைத் தேடி எடுத்தாள்.

அடுத்த நாள் சேலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியவள் கமலவேணி. பூட்டின மில்களையும் பாழடைந்த பட்டறைகளையும் இருபது வருசமாக இரும்பு விலைக்கு ஏலம் விடுகிறவள். பருத்த உடம்பு, வாய் நிறைய வெற்றிலை, கையில் கயிறு கட்டின ஒரு காந்தம். வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே தோப்புக்குள் போய் ஒவ்வொன்றின் மேலும் காந்தத்தை ஆட்டிப் பார்த்தாள். சில இடத்தில் ஒட்டியது, சில இடத்தில் வழுக்கி விழுந்தது. அந்த வேர்களைப் பற்றி அவள் கேட்டதெல்லாம் எவ்வளவு ஆழம் என்பதுதான்.

“நான் அறுத்துப் போட்டுத்தான் ஏலம் கூப்புடுவேன் கண்ணு. நல்ல விலை வரும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். ஒனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு.”

அப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி மயிலாத்தாளுக்குப் பழக்கமில்லை.

“இதுக இருக்கக் கூடாதுங்க.”

“ஊரு ஒன்னயக் கரிச்சுக் கொட்டும்.”

“ஊரு எங்கூட எப்பங்க பேசுச்சு, இப்பப் பேசாமப் போறதுக்கு.”

கமலவேணி வெற்றிலையைத் துப்பிவிட்டுப் புதன்கிழமை என்று நாள் சொன்னாள். இப்படித்தான் மூன்று ஏலக்காரர்களில் அவள் தேர்வானாள். நல்லவரை விட்டுவிட்டுக் கெட்டவளைப் பிடித்தாள் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலையில் வாயு கட்டரும் மர ரம்பமுமாக ஆட்கள் வந்து இறங்கியபோது வெள்ளைக்கரடு முழுக்கத் திரண்டு வந்தது. பெண்கள் ரோடுரோலரின் விழுதுகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பூத்துக் காய்க்கிறதை வெட்டுவது பாவம் என்று அழுதார்கள், வாயில்லாச் சீவன்களுக்கு நாங்கள்தான் கேட்க வேண்டும் என்றார்கள். ஏழு மாப்பிள்ளைகள் வந்து திரும்பிப்போன போது ஒரு வார்த்தை கேட்காதவர்கள், ஒவ்வொருவராக மயிலாத்தாளிடம் வந்து நியாயம் கேட்டார்கள். பரிமளாவைக் கூப்பிட்டார்கள். அவள் உயிலைப் படித்தாள், அடங்கலைப் புரட்டிக் காட்டினாள், நோட்டில் இன்னும் மரமென்று எழுதியிருக்கவில்லை, எழுதாத வரைக்கும் இவை வண்டிகள்தான், வண்டிகள் இந்த அம்மாவுடையவை என்றாள். எழுதினதுக்கு ஊர் கட்டுப்படும். பெண்கள் கையை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

எதிலிருந்து தொடங்கட்டும் என்று கமலவேணி கேட்டாள். மயிலாத்தாள் ஃபார்கோவைக் காட்டினாள்.

கட்டர் மட்டுமோ ரம்பம் மட்டுமோ அதை அறுக்கவில்லை. மேல் தோலுக்குக் கட்டரும் உள்ளே ரம்பமுமாக மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்தது. டீசலும் பச்சை வேம்புமாக ஒரு வாசம் எழுந்தது. இரண்டாய் அது பிளந்து விழுந்தபோது நடுவில் மரத்தின் வளையங்கள் சுற்றுச் சுற்றாகத் தெரிந்தன, கூட்டத்தில் நின்ற சென்னியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லாரிக்காகத்தான். மயிலாத்தாள் அதைப் பார்த்தாள்.

ஒன்று விழ விழக் கமலவேணி ஏலம் கூப்பிட்டாள். பழைய பிரேக் டிரம் ஒன்றைக் கவிழ்த்து வைத்து அதில் சுத்தியலால் அடித்து, ஃபார்கோ ஒரு தரம், ஃபார்கோ ரெண்டு தரம், ஃபார்கோ மூணு தரம் என்றாள், கரும்பாலை ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம் என்றாள், பெட்போர்டு ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம் என்றாள், ஒவ்வொரு மூணாந் தரத்துக்கும் மயிலாத்தாளின் நெஞ்சுக்குள் ஒரு வருசம் விழுந்தது. வந்திருந்த இரும்பு வியாபாரிகள் வெட்டுமுகத்தைத் தட்டிப் பார்த்து இது மரம் என்று ஒதுங்கினார்கள். மர வியாபாரிகள் நகத்தால் கீறிப் பார்த்து இது இரும்பு என்று ஒதுங்கினார்கள். கேட்க ஆளில்லாமல் போன பத்தொன்பதையும் கடைசியில் சங்ககிரி செங்கல் சூளைக்காரர் ஒருவர் விறகு விலைக்கு எடுத்துக்கொண்டார். லோகநாதன் கோயமுத்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது லாரிகள் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தன. அடிக்கட்டைகளுக்கு நடுவே நின்று, என்னக்கா இப்படிப் பண்ணிட்டே, கேட்டிருந்தாக் குடுத்திருப்பேனே என்றான். அவள் பசுவைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், ஒரு பையோடு பஸ் ஏறினாள்.

வந்த தொகைக்கு வீடு கிடைக்கவில்லை. ஈரோட்டில் வேலைக்குப் போகிற பெண்களின் விடுதியொன்றில் சமையல் வேலையும் படிக்கட்டின் அடியில் ஒரு அறையும் கிடைத்தது. குழாய் அறைக்கு வெளியேதான் இருந்தது. நாற்பது பெண்களுக்குக் காலையில் இட்லி வார்த்தாள், அவர்களில் ஒருத்திக்கும் அவள் யார் மகள் என்று தெரியாது, யாரும் கேட்கவுமில்லை. அதற்காக அவள் எதிர்பார்த்திருந்த சந்தோசம் ஏனோ வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கை சும்மா இருக்க மாட்டாமல் கேஸ் சிலிண்டரைத் துடைத்தாள்.

பத்து மாதம் கழித்து லோகநாதன் போன் செய்தான். இதுவரை அவள் கேட்டறியாத குரலில், அவளுடைய உதவி வேண்டும் என்றான்.

ஐப்பசி மழைக்கு அடிக்கட்டைகள் மறுபடி துளிர்த்துவிட்டன. ஃபார்கோவின் கட்டை ஒரு பெண் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிற சாயலில் வளர்ந்தது. சொல்லாமல் போன மயிலாத்தாளை ஊர் அப்போதுதான் நினைத்துப் பார்த்தது. எங்கே போனாள் என்று ஒருவர் கேட்க, விறகோடு விறகாகச் சூளைக்குள் போய்விட்டாள் என்று இன்னொருவர் சொல்ல, புகையில் பச்சைச் சேலை தெரிந்ததாக மூன்றாமவர் சொன்னார். கட்டைக்குச் சேலை கட்டினார்கள். கலியாணம் தள்ளிப்போகிற பெண்களைக் கூட்டி வந்து மஞ்சள் கயிறு கட்டினால் அந்த வருசமே அமைகிறதாம். தகரக் கொட்டகை போட்டு, கமிட்டி வைத்து, வெளியூரிலிருந்து பூசாரியை அமர்த்தி, மயிலாத்தா கோயில் என்று பலகை மாட்டிவிட்டார்கள். விடுதிக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். தோப்பு ஆத்தாளுக்குச் சொந்தம் என்று ஊர் மனுக் கொடுத்திருக்கிறது.

“நீ வந்து தாசில்தார் முன்னால நின்னாப் போதும்க்கா,” என்றான் லோகநாதன். “உசுரோட இருக்கறவளுக்கு எப்படிக் கோயில் கட்டுவாங்க?”

அவன் சொன்ன நாளில் அவள் போனாள். பஸ்ஸில் கண்டக்டர், மயிலாத்தா கோயில் எறங்கு என்றார். பாதிப் பஸ் இறங்கியது. நிறுத்தத்தை ஒட்டின கிராம அலுவலகத்தின் முன்னால் தாசில்தாரின் ஜீப் நிற்பதைப் பார்த்தாள். ஆனால் கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு வரிசைக்குப் போயிற்று, அவளும் தடுக்கவில்லை. வரிசையில் அவளுக்கு முன்னால் டீக்கடைக்காரரின் மனைவி நின்றாள், திரும்பி இவளைப் பார்த்தாள், பார்த்த கண்ணை எடுக்க முடியாமல் சற்று நேரம் நின்றுவிட்டு, தன் மகளின் தோளைப் பிடித்து முன்னால் நகர்த்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னால் நின்ற வெளியூர்க்காரி பேச்சுத் துணைக்கு ஆத்தாளின் கதையைச் சொன்னாள். அப்பன் சொத்தின் மேல் உசுரையே வைத்திருந்தவளாம். அப்பன் கெஞ்சிக் கெஞ்சிக் கூட்டிவந்த ஏழு மாப்பிள்ளைகளையும் வேண்டாமென்று சொன்னவளாம். வண்டிகளை வெட்டின அன்று தாங்காமல் நெருப்பில் இறங்கினாளாம்.

“ஏழு பேரையும் அவளாவா வேண்டாம்னா?” என்று மயிலாத்தாள் கேட்டாள்.

“ஆத்தாதாங்க. அப்பேர்ப்பட்ட வைராக்கியம்.”

வரிசை நகர்ந்தது. பட்டுச்சேலைக்குள் இருந்த கட்டையின் தலைமாட்டில் இரண்டு இலைகள் தகர நிறத்தில் துளிர்த்திருந்தன. பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, அர்ச்சனைக்குப் பேர் சொல்லுங்கம்மா என்றார்.

“மயிலாத்தாள்.”

“அது ஆத்தா பேருங்க. உங்க பேரச் சொல்லுங்க.”

அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு வேறு பெயர் இல்லை.

“சீக்கிரம் சொல்லுங்கம்மா, இல்லீன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பின்னால ஆளுக நிக்கறாங்க பாருங்க.”

அவள் தள்ளி நின்றாள். பின்னால் இருந்தவர்கள் வந்து நிறைந்துகொண்டார்கள். கூட்டத்திலிருந்து வெளியே வந்தபோது அலுவலக வாசலில் கையில் பைலோடு நின்ற லோகநாதன் அவளைப் பார்த்துவிட்டு, அக்கா, இங்க என்று கையைத் தூக்கினான். தூரத்தில் ஈரோட்டு பஸ் வருவது தெரிந்தது. அவள் அவனைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள், பஸ் நின்றதும் ஏறிக்கொண்டாள். அவன் சாலையைக் கடந்து ஓடி வருவதற்குள் அது கிளம்பிவிட்டது.

சன்னலோர இருக்கையில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். கோயிலுக்கு வந்தீங்களா, ஆருக்கு வேண்டுதல் என்று கேட்டாள்.

“பொண்ணுக்கு,” என்றாள் மயிலாத்தாள்.

இந்த வருசமே அமைஞ்சுரும், சக்தி வாய்ஞ்ச ஆத்தா என்று அந்தப் பெண் சொன்னாள். மயிலாத்தாள் தலையாட்டிவிட்டு டிக்கெட் எடுக்கச் சுருக்குப் பையை அவிழ்த்தாள்.